அந்தமானிலிருந்து வந்த அண்ணி

பேரளத்திலிருந்து வரும் மதிய ரயில் எங்கள் கொல்லைப்புறத்தைத் தாண்டும்போது சமையலறை அலமாரியில் உள்ள எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துச் சலசலக்கும். காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரத்திலேயே அது எனக்குப் பழகிவிட்டது. அண்ணி வந்த மறுநாள் அந்தச் சத்தம் கேட்டதும், கூடத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தார். தூளியில் தூங்கிக்கொண்டிருந்த என் ஆறு மாத மகளை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது, கொளுத்தும் வெயிலில் வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்று எங்கள் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ரயில் போய் வெகுநேரமாகியும் அவர் உள்ளே வர மறுத்தபோது சிரிக்க முடியவில்லை.

அண்ணி என் கணவரின் அக்கா. அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன்; அவருக்கு அந்தமானில் துறைமுகப் பட்டறை ஒன்றில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் அங்கேயே இருந்தார்கள், குழந்தை இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், அந்தப் பக்கத்துக் கடலுக்கடியில் நிலம் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. அங்கே கடல் தரையின் ஒரு பாளம் இன்னொன்றுக்கு அடியில் செருகிக்கொண்டே போகிறதாம். சில சமயம் ஒரே அதிர்ச்சியோடு முடியாமல், சின்னதும் பெரியதுமாக வாரக்கணக்கில் கூட்டம் கூட்டமாக நடுக்கம் வருமாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணி ஒரு பெட்டியோடு தனியாகக் கப்பலேறி வந்து இறங்கியபோது, பயந்து வந்திருக்கிறார் என்று மட்டும்தான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

என் மாமியார் அன்றே முடிவு செய்துவிட்டார். "இனிமே அந்தத் தீவுக்கு இவள அனுப்பமாட்டேன். மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி வேணும்னா வேலைய விட்டுட்டு இங்க வரட்டும்." அண்ணி தன் பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்தார். அவர் கணவரிடமிருந்து வாரம் ஒரு கடிதம் வந்தது. நடுக்கம் குறைந்துவிட்டது, புறப்பட்டு வா என்று எழுதியிருப்பார். அண்ணி படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைப்பார். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. பயந்தவள் பதில் எழுதக்கூடவா மாட்டாள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலை, அண்ணி கிணற்றடியில் காலை நீட்டி என் மகளைப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"அவருக்குக் கால்ல மாவுக்கட்டு. பட்டறையில இரும்பு விழுந்துடுச்சு. சின்னச் சின்னதா நடுங்குன நாளெல்லாம் கட்டில் பக்கத்துலயேதான் இருந்தேன். ஒரு சாயங்காலம் பெருசா வந்துச்சு. சுவரு விரிஞ்சுது. எப்ப எந்திரிச்சேன், எப்ப வெளிய வந்தேன், எதுவும் தெரியல. தெருவுல நின்னப்புறம்தான் அவரு உள்ள கெடக்காருன்னு நெனப்பு வந்துச்சு."

"அண்ணன் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. காபி கேட்டாரு."

குழந்தையின் முதுகில் ஓடிய கை நின்றது. "திட்டியிருந்தாக்கூட அங்கயே இருந்திருப்பேன்" என்றார்.

அவருக்குத் தெரியாமல் அன்றே அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். ஒரு பெண் நம்பிச் சொன்னதை அவள் புருஷனுக்கே எழுதுவது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போட்ட பிறகு எத்தனையோ நாள் அண்ணியின் முகத்தை நேராகப் பார்க்கவே கூசியது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. லேசாகக் காலைத் தாங்கித் தாங்கி அண்ணன் வந்து நின்றார். மாமியார் தன் முடிவைச் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, அண்ணியும் நானும் இருந்த சமையலறை வாசலுக்கு வந்தார். நான் நகரப் பார்த்தேன். அண்ணி என் கையை விடவில்லை.

"அன்னைக்கு நீ ஓடுனத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அண்ணன். "அப்பாடா, இவளாவது வெளிய போயிட்டாளேன்னு இருந்துச்சு. உள்ளயே நின்னிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? உன்னத் தூக்கிட்டு ஓட எனக்குக் காலா இருந்துச்சு?"

அண்ணி என் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"நீ அதையே நெனச்சுட்டு இருப்பேன்னு எனக்குத் தோணல. தோணியிருக்கணும்."

அடுத்த வாரம் இருவரும் அந்தமான் கப்பலைப் பிடிக்கச் சென்னைக்குப் பேருந்து ஏறினார்கள். மாமியார் வழியனுப்ப வரவில்லை. பேருந்தில் ஏறும் முன் அண்ணி என் மகளை வாங்கி உச்சி முகர்ந்தார். "கடுதாசி எழுதுனது நீதானே?" என்று மட்டும் கேட்டார். நான் தலையசைத்தேன். என் கன்னத்தை ஒரு முறை தடவிவிட்டு ஏறிக்கொண்டார்.

அந்த ரயில் சில வருடங்களில் நின்றுபோனது. அண்ணி தூக்கிக்கொண்டு ஓடிய குழந்தைக்கு இப்போது கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். அண்ணன் ஓய்வு பெறும்வரை அவரும் அண்ணியும் அந்தத் தீவிலேயே இருந்தார்கள். திரும்பிப் போன பிறகு அண்ணி எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் இப்படி இருந்தது: "நேற்று மறுபடியும் ஒன்று வந்தது. நான் உள்ளே, இவர் கொல்லையில். இவரைத் தேடி நான் கொல்லைக்கு ஓடினேன். என்னைத் தேடி இவர் பக்கவாட்டில் சுற்றி வாசல் வழியாக உள்ளே ஓடியிருக்கிறார். ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பதற்குள் நடுக்கம் நின்றுவிட்டது."