ஃப்ளோரிடா போகாத பிப்ரவரி

"உங்க நாய்க்கு இன்னிக்கு யாரு சாப்பாடு வைப்பாங்க?" என்று கேட்டபடியே ரெனாட்டா சோப்சாக் அந்தப் பெரியவரின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்துகிறாள். ஊசி வழியே மருந்து இறங்குகிறது. "என் தங்கச்சிதான். ஆனா ஒரேயடியா செல்லம் கொடுத்து..." என்பதற்குள் அவர் தூங்கிவிடுகிறார்.

கையுறை மாட்டிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் சர்ஜன் வின்ஸுக்குப் பொறுமை கிடையாது. "மயக்கம் கொடுக்குறியா, இல்ல சம்பந்தம் பேசுறியா தாயே?"

"பேசி முடிச்சாச்சு டாக்டர். நாய் பேரு கூடத் தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே நீங்க வெட்டலாம்."

நோயாளியின் தலைமாட்டில் ஒரு முக்காலி. அதுதான் அவள் இடம். உயரமான பெண் என்பதால் உட்கார்ந்தால் முழங்கால்கள் மேசையில் இடிக்கும். அறுவை அறையின் குளிருக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறைகள். அவசரத்துக்கு உதவும் என்று பிளாஸ்திரியைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தொடைப்பக்கம் உடுப்பில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்தால் கல்லாவில் இருக்கும் பெண் அவளுடைய கோட்டில் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றிரண்டை உரித்துக் கொடுப்பதும் உண்டு. நோயாளி கண் விழித்ததும் பாதியில் நின்ற பேச்சை விட்ட இடத்தில் தொடருவாள். அவர்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

இந்தப் பேச்செல்லாம் பழைய துறையிலிருந்து கொண்டு வந்த சீதனம். ரெனாட்டா பயிற்சி மருத்துவராக முதலில் சேர்ந்தது குடும்ப மருத்துவத்தில். மூன்றே ஆண்டில் முடிந்துவிடும், படிப்புக் கடனைச் சீக்கிரம் அடைக்கலாம் என்று கணக்குப் போட்டாள். இரண்டாம் ஆண்டில், சில வாரங்கள் மயக்கத்துறையில் உட்கார வைத்தார்கள். அங்கேதான் மனசு பறிபோனது. "கிளினிக்ல ஒருத்தர் அழ ஆரம்பிக்கும்போதே அடுத்தவர் கதவைத் தட்டுவார். இங்க ஒருத்தர் கண்ணு முழிக்கிற வரைக்கும் நான் அவருக்கு மட்டும்தான்" என்பாள்.

மனசு மாறலாம். அரசாங்கத்தின் கடிகாரம் மாறாது. பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவருக்காகவும் மருத்துவமனைக்கு அரசு பணம் தருகிறது. முதலில் சேர்ந்த துறைக்கு எத்தனை ஆண்டோ, அத்தனை ஆண்டுக்குத்தான் முழுப் பணம். ரெனாட்டாவின் மூன்றில் இரண்டு கரைந்துவிட்டன. மயக்கத்துறைக்கோ இன்னும் மூன்று ஆண்டு வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுக்கும் பயிற்சிப் பணம் குறையும். வேறு ஊர்களில் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்கள் காபி கொடுத்தார்கள், சிரித்துப் பேசினார்கள். எந்த ஆண்டு, எந்தத் துறையில் சேர்ந்தாள் என்று கேட்டதும் முகம் மாறினார்கள். அவளுக்காக இனி ஒரு காசும் வராது என்றே சிலர் நினைத்திருந்தார்கள். "என்னைப் பிடிச்சுது. என் கடிகாரத்தைப் பிடிக்கல" என்று இன்று சிரிக்கிறாள். அன்று ஒவ்வொரு முறையும் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் கிளம்பினாள்.

கடைசியில் சொந்த ஊரான பஃபலோவிலேயே இடம் கிடைத்தது. துறைத் தலைவர் லைல் ஃபென்ஸ்டர்மேக்கர் அதிகம் பேசாதவர். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். அவளிடம் ஒரே கேள்வி கேட்டார். "தூங்குறவங்க பக்கத்துல சலிக்காம உட்காருவியா?" உட்காருவேன் என்றாள். "ஜூலையில வா" என்றார். குறையப் போகும் பணத்தை யார் ஈடுகட்டுவார்கள் என்று அவரும் சொல்லவில்லை, இவளுக்கும் கேட்கத் துணிவில்லை.

அது வெளியே வந்தது இந்தப் பிப்ரவரியில், குறைந்த பணத்தின் முதல் ஆண்டில். ஏரிப் பக்கமிருந்து இரண்டு நாளாக ஓயாத பனி. மயக்கத்துறை மருத்துவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மதியம் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரெனாட்டா வெள்ளந்தியாகக் கேட்டாள். "வருஷா வருஷம் இந்த நேரத்துல ஃப்ளோரிடாவுல மாநாடுன்னு பாதிப் பேர் பறந்துடுவீங்களே? இந்த வருஷம் யாருமே போகலையா?"

சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று திடீரென்று எல்லோருக்கும் அக்கறை வந்துவிட்டது. நர்ஸ் டெனிஸுக்குத்தான் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "எப்படிடி போவாங்க? மாநாட்டுக் காசைத்தான் ரெண்டு வருஷத்துக்கு உனக்குன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே! கடற்கரையில காய வேண்டிய ஆளுங்க உன்னால இங்க பனி தள்ளுறாங்க!"

கரண்டி கையிலேயே நின்றது. ரெனாட்டா லைலைப் பார்த்தாள். "டாக்டர், நிஜமாவா?"

"அந்த மாநாட்டுல என்ன இருக்கு? காலையில ரெண்டு பேச்சு, மத்தியானம் கோல்ஃப். எனக்கு முட்டி வலி."

"எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு" என்று மூலையிலிருந்து ஒருவர் முணுமுணுக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரெனாட்டாவால் சிரிக்க முடியவில்லை. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். தன்னை யாரும் வேண்டாத ஒரு காலத்தில், இத்தனை பேர் கூடிப் பேசி, ஆளுக்கொரு வெயிலை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி இத்தனை நாள் மூச்சுவிடவில்லை.

"உன் நோயாளி முழிச்சிட்டாரான்னு போய்ப் பாரு" என்றார் லைல்.

மாலை நான்கு மணிக்கு அவள் வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு இன்னும் இருந்தது. வெளியே மருத்துவர்களின் வண்டிகள் எல்லாம் ஒரே வெள்ளை மேடுகள். ரெனாட்டா தன் வண்டியிலிருந்து நீளக் கைப்பிடிப் பிரஷை எடுத்து, லைலின் பழைய பச்சை வண்டியில் ஆரம்பித்தாள். கூரை, கண்ணாடி, விளக்குகள், பிறகு சக்கரத்தைச் சுற்றிலும். துறையில் யாருக்கு எந்த வண்டி என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனாள்.

கோட்டை மாட்டாமல் வாசலுக்கு வந்து நின்ற லைல் கத்தினார். "கிறுக்குப் பொண்ணே, இன்னும் கொட்டப் போகுது! வீட்டுக்குப் போ!"

அவள் கையசைத்தாள். வரிசையின் கடைசி வண்டி முடிந்தபோது முதல் வண்டியின் கூரை மறுபடியும் வெளுத்திருந்தது. ரெனாட்டா பிரஷைத் தட்டி உதறிவிட்டு, மறுபடியும் அதை நோக்கி நடந்தாள்.