பெரிய திரை

சைக்கிளில் பூட்ட ஜிபிஎஸ் கருவி வாங்கியபோது நான் பார்த்த ஒரே தகுதி, அது பக்கத்து வீட்டுக்காரனுடையதைவிடப் பெரிதா என்பதுதான். ஞாயிறு காலைகளில் இருவரும் பருத்தித்துறைவரை சேர்ந்தே மிதிப்போம். தீப்பெட்டி அளவான அவன் கருவி ஒவ்வொரு சந்து ஒழுங்கையையும் காட்டும். எனக்கு வயிறு எரியும். மயிலிட்டியில் ஒரு மீனவர் கடலுக்குக் கொண்டுபோகும் கருவியின் திரை என் உள்ளங்கையளவு இருந்தது. அதே மாதிரி ஒன்றை வாங்கி ஹாண்டிலில் கட்டினேன். கடலின் ஆழமெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. தரைப்பக்கம்தான் ஒரு றோட்டுக்கூட இல்லாமல் வெறும் மஞ்சளாகக் கிடந்தது. அவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான். பொறாமைப்படுகிறான் என்றே நம்பினேன்.

“நல்ல சாமான் அண்ணை,” என்றான். “கடலுக்கை விழுந்தியளெண்டா எவ்வளவு ஆழமெண்டு உடனை பாக்கலாம்.”