தமிழ்ப் பூசைக்கு மட்டும் வந்த குளிர்

சுவிஸில் ஆரா நகருக்கு அருகே, மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசைக்கு எங்களுக்குக் கிடைக்கும் கத்தோலிக்கக் கோயில் கொங்கிறீட்டால் ஆனது. சாம்பல் சுவர், கல் தரை, உயரத்தில் ஒரு நீளமான சன்னல். காலையில் சுவிஸ்காரருக்குப் பூசை, பின்னேரம் எங்களுக்கு.

அந்தக் குளிர்காலம் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோயிலைத் திறந்து பூட்டும் சிக்ரிஸ்ட், காலைப் பூசை முடிந்ததும் ஹீட்டரை நிறுத்திவிடுகிறார் என்று.

"எங்கட பூசை எண்டாத்தான் இந்தக் குளிர். வேணுமெண்டு செய்யிறான்."

"நிப்பாட்டினதைக் கண்டனீங்களோ?"

"காணோணுமோ? கால் விறைச்சுப்போகுது. நீ உதைத்தானே படிக்கிறாய், ஒரு கடிதம் எழுது."

கட்டடங்களுக்கு ஹீட்டர் திட்டமிடும் தொழிற்பயிற்சியில் நான் அப்போது மூன்றாம் ஆண்டு. கோயிலின் பங்குச் சபைக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். கொடுத்தால் அந்த மனிதரின் வேலை போகலாம். பிழை என்றால் எங்கள் பூசைக்கே இடம் இல்லாமல் போகலாம். அளந்துவிட்டுத்தான் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். எங்கள் ஆட்கள் உள்ளே வரும்போது ஒருநாளும் சிரிக்கமாட்டார். வாசலில் நின்று தரையையே பார்ப்பார்.

அடுத்த தமிழ்ப் பூசை நாளில் காலையிலேயே போய், பாட்டுப் புத்தக அலுமாரிக்குப் பின்னால் வெப்பநிலை பதியும் சின்னக் கருவியை வைத்தேன். பின்னேரம் பூசை முடிந்ததும், ஆட்கள் வெளியே போக முன்னமே கருவியை எடுத்து, கடைசி வாங்கில் உட்கார்ந்து பதிவைப் பார்த்தேன். காலையில் பதினெட்டுப் பாகை. எங்கள் பூசைக்குப் பத்தொன்பது.

கருவி பழுது என்று நினைத்தேன். 'ஒன்று: பற்றரி; இரண்டு: வைத்த இடம்' என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதும்போதுதான் என் பாதங்கள் மரத்திருப்பது தெரிந்தது. வாசலைப் பார்த்தேன். ஐம்பது, அறுபது சோடி சப்பாத்து. கோயிலுக்குள் வெறுங்காலோடு போகும் ஊர்ப் பழக்கத்தை எங்கள் ஆட்கள் இங்கேயும் விடவில்லை. தரையை அளந்தேன்: பதின்மூன்று. சுவிஸ்காரர் சப்பாத்தோடு இருந்து பூசை காண்கிறார்கள். அவ்வளவுதான்.

அம்மாவிடம் எண்களைக் காட்டினேன்.

"அப்ப சப்பாத்தோட பீடத்தடிக்குப் போய் நன்மை எடுக்கச் சொல்லுறியோ?"

கடிதத்தைக் கிழித்துவிட்டு, சிக்ரிஸ்டிடம் போய்த் தரையைப் பற்றிச் சொன்னேன். குளிர்காலம் முழுக்க எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கேட்டால் மரியாதைக் குறைவோ என்று பேசாமல் இருந்தாராம்.

அடுத்த மாதம் வாங்குகளுக்கு நடுவே நீளமாகக் கம்பளம் விரித்திருந்தது. அம்மா ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்தார்.

"திடீரெண்டு ஏன் விரிச்சவன்? நீ வைச்ச பெட்டியைக் கண்டிட்டானோ?"

"இல்லை அம்மா."

"கடிதத்தை?"

"அது கிழிச்சாச்சு."

அம்மா மற்றக் காலையும் வைத்தார்.