நாக்கில் வைத்த உப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கல்முனைக்குப் பக்கத்தில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நோன்புப் பெருநாள் லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய வாரம் அது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் உப்பும் இன்னொன்றில் சீனியும் வைத்திருந்தேன். பிள்ளைகள் கண்ணை மூடி நாக்கை நீட்டுவார்கள். நான் ஒரு சிட்டிகை வைப்பேன். தெரிந்த ருசியின் பெயரை மணலில் விரலால் எழுத வேண்டும். எல்லோரும் முண்டியடித்தார்கள்.

சபீனா மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பிடிவாதம் என்று எனக்குக் கோபம் ஏறியது. அதட்டினேன்.

"சேர், நான்..." என்று வாயைத் திறந்தாள். அதுதான் சமயமென்று உப்பை வைத்துவிட்டேன்.

அவள் விழுங்கவில்லை. வாயைத் திறந்தபடியே நின்றாள்; எச்சில் சட்டையில் வடிந்தது.

"சேர், அவ உம்மாவோட ஆறு நோன்பு புடிக்கா," என்றாள் பக்கத்துப் பிள்ளை.

பெருநாளுக்குப் பிறகு விரும்பியவர்கள் ஆறு நாள் பிடிக்கும் அந்த நோன்பை நான் ஒரு வருடமும் பிடித்ததில்லை. அன்றும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

சபீனா கிணற்றடிக்கு ஓடி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"நான் முழுங்கல்ல சேர். நோன்பு இரிக்கா?"

"இரிக்கி மகள்," என்றேன், தரையைப் பார்த்தபடி.

அவள் உட்கார்ந்து மணலில் 'உப்பு' என்று எழுதினாள்.

ஆறு நோன்பும் முடிந்த மறுநாள், தானாகவே என் மேசைக்கு வந்தாள்.

"இண்டைக்கி எனக்கு நோன்பில்ல சேர். இப்ப வைங்க."

கண்ணை மூடி நாக்கை நீட்டினாள்.

அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று சிரட்டைகளை அவள் பக்கம் தள்ளிவைத்தேன். அவள் என்னைக் கண்டு பயந்து ஒதுங்கியிருந்தால்கூட நான் தேறியிருப்பேன். மறுபடியும் என்னை நம்பி வந்து நின்றாளே, அதுதான் இன்றும் சுடுகிறது.