மாமனார் சட்டையில் புகை

அந்தத் தெருவில் சலவைக்கடை வைத்திருந்தவளுக்கு மூக்குதான் சொத்து. சட்டையை முகர்ந்தே அதைப் போட்டவர் எங்கே போனார், எதைத் தின்றார், வீட்டில் என்ன பொய் சொன்னார் என்பதைச் சொல்லிவிடுவாள். அவளுக்குப் பயந்து துணியை ஒருமுறை அலசிவிட்டுக் கொண்டுவந்து போடுகிறவர்களும் உண்டு. அப்பேர்ப்பட்ட மூக்கு சொந்த வீட்டு விஷயத்தில் அவளைக் கவிழ்த்துவிட்டது.

வீட்டில் இருந்தது அவளும் மாமனாரும்தான். கணவன் திடீர்க் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மாமனார் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஊதித் தள்ளிய சிகரெட்டுக்கு அளவே கிடையாது. நுரையீரல் கெட்டுக் கிடக்கிறது, இனி புகை உள்ளே போனால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொன்ன அன்றே அதை விட்டொழித்தார். மருமகளுக்கு அதில் பெருமை. இவரும் போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம் பெருமைக்கு அடியிலேயே கிடந்தது.

இப்போது சட்டையில் மறுபடியும் புகை வாசம். கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனிதர், சலவைக்கடையை வீட்டோடு வைத்துக்கொண்டு, தன் சட்டையைத் தானே துவைத்துக் கொல்லையில் காயப்போட ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கேட்டால் கல்லுளிமங்கன் மாதிரி நின்றார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டே, இன்னொரு தடவை அந்த வாசம் வந்தால் உங்களை உங்கள் மகள் வீட்டில் விட்டுவிடுவேன், என் கண் முன்னால் நீங்கள் சாக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே தூக்கம் போயிற்று.

மறுநாள் காலையிலும் அந்த வாசம் வந்தது. மாமனாரின் பெட்டியை எடுத்துக் கட்ட வேண்டியதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, பழைய கார்ச் சங்கத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இந்த வண்டியை இந்தப் பக்கம்தான் யாரோ ஓட்டுகிறார்கள், யாரென்று தெரியுமா என்று கேட்டார். பச்சை நிறத்தில் பழங்காலத்துக் கார். பின்னால் ஒரு பெரிய பீப்பாய், அதிலிருந்து கூரைமேல் போகும் குழாய். பீப்பாயில் மரத்துண்டைப் போட்டு, காற்றைக் குறைத்து எரித்தால் ஒரு வாயு வருமாம். பெட்ரோலே இல்லாமல் எஞ்சின் அதில் ஓடுமாம். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது செய்த வித்தை, இன்றைக்கு இதை ஓட்டுகிறவர் அபூர்வம், கண்காட்சிக்கு அழைக்க வேண்டும் என்று அவர் பரபரத்தார். எண் பலகை முழுக்கக் கரி.

அவளுக்கு முதலில் அடையாளம் தெரிந்தது பீப்பாய்தான். அது அவள் கடையின் பழைய வெந்நீர் பாய்லர். குழாய் இருந்த ஓட்டையை அடைத்த ஒட்டுகூட அப்படியே தெரிந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று மாமனார் சொன்ன பாய்லர். பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. கட்டியவன் அவள் கணவன்.

அவன் ஆசையாய் ஆசையாய் வாங்கிச் சீர்செய்த வண்டி அது. அவன் போன மறுமாதம், இதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு வெடிக்கிறது, விற்றுவிடுங்கள் என்று அவள்தான் சொன்னாள். விற்றாயிற்று என்றார் மாமனார். வண்டி அவள் பெயரில் இருந்தது. அப்படியிருக்க விற்பதற்கு ஒரு கையெழுத்துகூடக் கேட்கவில்லையே என்று அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

கடையை அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். சங்கத்துக்காரர் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தார். மரத்துண்டு இனாமாகக் கிடைக்கிற இடம் தச்சுப்பட்டறை ஒன்றுதான். அதன் பின்பக்கக் கொட்டகையில், முகமெல்லாம் கரியாக, மாமனார் பீப்பாய் அருகே குனிந்து, நெருப்புக்குக் காற்றூதும் கைப்பிடி விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மருமகளைக் கண்டதும் கை நின்றது.

"சிகரெட் இல்லம்மா," என்றார்.

"தெரியுது மாமா. அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

அவர் கரிக்கையால் முகத்தைத் துடைத்து இன்னும் கரியாக்கிக்கொண்டார். "ஓடாம நின்னா எஞ்சின் இறுகிடும். பெட்ரோலுக்குக் காசு கேட்டா உனக்குத் தெரிஞ்சிடும். அவன் கை பட்டதும்மா, எனக்கு விக்க மனசு வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சிகரெட்டுன்னு நெனச்சா நீ கோவப்படுவே. வண்டின்னு தெரிஞ்சா அழுவே. கோவமே பரவாயில்லன்னு இருந்துட்டேன்."

அவள் அழத்தான் செய்தாள். மகள் வீட்டுக்குத் துரத்தப்பட்டாலும் சரி என்று வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க அழுகை பெருகியது. கரி படிந்த வண்டியின் கதவில் கை வைத்து நின்றாள். நெஞ்சு வெடிக்கவில்லை.

சங்கத்துக்காரர் தொண்டையைச் செருமி, வண்டியின் சொந்தக்காரர் யார் என்று யாரைக் கேட்பதென்று தெரியாமல் இருவரையும் பார்த்தார். மாமனார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"என்னுதுதான்," என்றாள் அவள். "ஓட்டறவர் என் மாமனார்."

அதற்குள் பீப்பாய் மூடியிலிருந்து புகை குபுகுபுவென்று கிளம்பி, கிழவருக்கு இருமல் வந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் கையிலிருந்த விசிறிப் பிடியைப் பிடுங்கினாள்.

"இனிமே பத்த வைக்கிறது நான். நீங்க வண்டி ஓட்டினாப் போதும். அந்தப் பக்கம் போய் நில்லுங்க, காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

அவர் மறுபேச்சு இல்லாமல் போய் நின்றார்.