ஹாரன் இல்லாத வண்டியில்

காலை ஐந்தரை மணிக்கு, செல்லூரில் மெக்கானிக் பாண்டியின் பட்டறை வாசலிலிருந்து கிளம்புவதாக ஏற்பாடு. ராத்திரி முழுக்க ஓடிய தறிகளின் சத்தம் சந்தில் இன்னும் அடங்கவில்லை. ரேஸ் வண்டி மினி லாரியின் மேல் கட்டப்பட்டிருந்தது. ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றி, உள்ளே புதிதாக மாட்டிய டிஸ்க்கைப் பாண்டி கடைசியாக ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தார். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பேட் என்பது அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டை. இவை இரண்டும்தான் வண்டியை நிறுத்துகின்றன.

இது எனக்குத் தெரியவந்த விதம் நல்லதல்ல. போன பந்தயத்தில், கோயம்புத்தூரில், ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் என் மகள் ஜெனி ஓரத்து டயர் அடுக்கில் போய் மோதினாள். தோள் எலும்பு முறிந்தது. புதுப் பேடை முதலில் சூடேற்றிப் பழக்காமல் ஓட்டியதுதான் காரணம் என்றார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அங்கேயே பந்தயம்.

போகாதே என்று பல நாள் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், பிரேக்கைப் பழக்கும்போது நானும் உள்ளே உட்காருவேன், சரியாக அமைந்தால் போ, இல்லாவிட்டால் போகக் கூடாது என்றேன். மறுத்துவிடுவாள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னேன். அவளோ, "சரி, வாம்மா" என்று சொல்லிவிட்டாள். பாண்டி எனக்காக ஒரு சீட்டையே பொருத்திவிட்டார்.

பளபளவென்று இருந்த அந்தத் தட்டின் மேல் கட்டைவிரலால் சிலுவை போடக் கையை நீட்டினேன்.

"அக்கா, தொட்ராதீக. தலையில தேச்ச எண்ணெய் விரல்ல இருக்கும். டிஸ்க்குல பட்டா வழுக்கும்" என்றார் பாண்டி. "சாமிய பானெட்டுல கும்பிடுங்க. அவருக்கு எல்லாம் ஒண்ணுதான்."

பானெட்டில் போட்டேன்.

லாரியின் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தினார்கள். டீ பதினைந்து ரூபாய். என்னால் பாதிதான் குடிக்க முடிந்தது. அங்கிருந்து ராஜபாளையம் சாலையில் இருபது கிலோமீட்டர் போனால் டி. கல்லுப்பட்டி. இரண்டு பக்கமும் கரிசல் காடு. மக்காச்சோளம் அறுத்து முடித்த தட்டைகள் காய்ந்து நின்றன. மரமே இல்லாத இடங்களில், வானம் தரை வரை இறங்கியிருந்தது. எங்கேயாவது லாரி பஞ்சராகி நிற்காதா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

ஏழரை மணிக்கு, ஊரைத் தாண்டி ஒரு மண் பாதையில் திரும்பினோம். யாரோ மனை விற்பதற்காகப் போட்ட இடம் அது. நுழைகிற இடத்தில் பெரிய அலங்கார வளைவு, மஞ்சள் அடித்த எல்லைக் கற்கள், நீளமாக இரண்டு தார் ரோடுகள். ஒரு வீடுகூட இல்லை. உரிமையாளரிடம் பாண்டி சொல்லி வைத்திருந்தார். ஆனால் பின்பக்க ரோட்டில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் வயதில் ஒரு பெண், தலையில் துண்டு கட்டி, பலகையால் சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். பேர் பேச்சி என்றாள்.

பாண்டி விஷயத்தைச் சொன்னார். "முன் ரோட்டுலதான் வேகமா ஓடும் தாயி. இந்தப் பக்கம் வர்றப்ப மெதுவாத்தான் வரும். நீ வளைவுகிட்ட வந்து உக்காந்துக்க."

"எம்புட்டு நேரம்?"

"முக்கா மணி நேரம்."

பேச்சி ரேஸ் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பின் சீட்டு இல்லை, கதவில் துணி இல்லை, உள்ளே முழுக்க இரும்புக் குழாய். "என்னத்தா இது, உள்ள ஒண்ணுமே இல்ல. களவு போயிருச்சா?" என்றாள். ஜெனி சிரித்தாள். பிறகு பேச்சி என்னைப் பார்த்து, "நீங்களும் ஓட்டுவீகளோ?" என்றாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். புது மனிதர்களிடம் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் மணியடிப்பது என் வேலை. முப்பது வருஷமாக யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததில்லை.

ஜெனியைப் போலவே எனக்கும் முகம் மூடாத ஹெல்மெட் கொடுத்து, நாலு வார்ப்பட்டைகளால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். பாண்டி குனிந்து ஜெனியிடம் சொன்னார். "நல்லா சூடேத்து. பேட் டிஸ்க்கோட பழகி உக்காந்ததும் பின் ரோட்டுச் சுத்துல விட்டு ஆறவை. ஆறுற வரைக்கும் நிக்கவே கூடாது. சூட்டோட நின்னா பேட் அந்த ஒரே இடத்துல அப்பிக்கிரும், அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் வண்டி உதறும். இன்னொரு செட்டு நம்மகிட்ட இல்ல."

"ஹாரன் அடிச்சா ஆளு ஒதுங்கும்ல?" என்று கேட்டேன்.

"ரேஸ் வண்டில ஏதும்மா ஹாரன்?" என்றாள் ஜெனி.

முதலில் மெதுவாக இரண்டு சுற்று. பிறகு முன் ரோட்டில் வேகத்தைக் கூட்டினாள். எல்லைக் கற்கள் ஒரே மஞ்சள் கோடாகிவிட்டன. திடீரென்று பிரேக். வார்கள் நெஞ்சை அறுத்தன. நின்றுவிடும் என்று நினைத்தபோது, நிற்காமல் மறுபடி வேகம். மறுபடி பிரேக். ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன். எந்த மணியில் இருக்கிறேன் என்பதே தெரியவில்லை. ஏழாவதோ எட்டாவதோ முறை, தீய்ந்த நாற்றம் வந்தது. சக்கரத்தின் பக்கமிருந்து புகை.

"ஜெனி, புகையுது."

"புகையணும்மா."

அடுத்த முறை அவள் மிதித்தபோது வண்டி முன்போலப் பிடிக்கவில்லை. கால் ஆழமாக இறங்கியதைப் பார்த்தேன். ரோட்டின் முடிவு எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. டயர் அடுக்கில் மோதியபோதும் இவள் கால் இப்படித்தான் இறங்கியிருக்கும் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி வேகம் குறைந்து, திரும்பியது.

"புதுப் பேடு ஒருதடவ இப்படி வழுக்கும். இப்பப் பாரு" என்று மறுபடி ஓட்டி மிதித்தாள். இந்த முறை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டியின் வேகம் குறைந்தது. அவள் முகம் மலர்ந்தது. சரியாக அமைந்துவிட்டது. இனி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆறவைக்கப் பின் ரோட்டுக்குத் திருப்பினாள். ஒரு பக்கம் சோளம், மறு பக்கம் எல்லைக் கற்கள். நடுவில் வண்டி போக மட்டும் இடம். அந்த இடத்தில், வளைவுப் பக்கம் உட்காரச் சொன்ன பேச்சி எப்போதோ திரும்பி வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று சோளத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அத்தனை நேரம் எங்கள் சத்தம் முன் ரோட்டிலேயே கேட்டுக்கொண்டிருந்ததால் அவள் திரும்பவில்லை.

"அய்யோ, நிப்பாட்டணும்மா" என்றாள் ஜெனி. அவள் கால் பிரேக்குக்குப் போனது. கிளட்சை மிதித்ததில் இஞ்சின் சத்தம் அடங்கியது.

பேச்சிக்கு ஆபத்து இல்லை. ஜெனி நிறுத்திவிடுவாள், அதற்குத் தூரம் இருந்தது. நின்றால் டிஸ்க் கெடும். கெட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லை. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஜெனியைப் பார்த்தேன். அவள் உதடு நடுங்கியது. மோதி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அப்படி நடுங்கியதில்லை.

"பேச்சீ... ஏத்தா பேச்சீ... வண்டி வருது, ஒதுங்குத்தா."

கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே போன அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. பேச்சி திரும்பினாள், பலகையைப் போட்டுவிட்டுச் சோளத்தின் மேலேயே தாவினாள். நாங்கள் அவளை உரசாத குறையாக, நிற்காமல் உருண்டு போனோம்.

அரை மணி நேரம் கழித்துப் பாண்டி சக்கரத்தைக் கழற்றினார். தட்டு முழுக்க ஒரே மாதிரி சாம்பல் நீலம். எங்கேயும் திட்டு இல்லை.

"உக்காந்துருச்சுக்கா" என்றார்.

பேச்சி வந்து என் பக்கத்தில் நின்றாள். "ஊமையோன்னு நெனச்சேன். எம்புட்டுச் சத்தம்" என்றாள். சிதறிய சோளத்தை அவளோடு சேர்ந்து கூட்டி விட்டேன்.

லாரி அங்கிருந்தே உசிலம்பட்டி வழியாகக் கோயம்புத்தூருக்குப் போகிறது. என்னைக் கல்லுப்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். ஜெனி இறங்கி வந்து, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நின்றாள். போகாதே என்று சொல்ல அப்போதும் எனக்கு ஆசை இருந்தது. அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டேன். "பிரேக்க நல்லாப் பாத்துக்க" என்றேன். "போயிட்டு வாரேன்ம்மா" என்றாள்.

மதுரை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. காலையில் இதே சாலையில் வந்தபோது லாரி கெட்டு நிற்க வேண்டும் என்று வேண்டியிருந்தேன். இப்போது, போகிற அந்த லாரி எங்கேயும் நிற்காமல் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பயம் குறையவில்லை.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். மதுரை என்றேன். காலையில் கத்தியதில் தொண்டை கட்டிப்போய், குரல் வரவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.