தொழில்: இல்லை

போன வருடம் வைகாசியில் என் தம்பி செல்வம் சாப்பாட்டைக் குறைத்தான், பிறகு பேச்சைக் குறைத்தான்.

அவன் நாதஸ்வரக்காரன். மலையகத் தோட்டங்களில் நோர்வூட்டிலிருந்து அக்கரப்பத்தனை வரை திருவிழா, கல்யாணம் என்று முப்பது வருடம் ஊதியவன். அந்த வைகாசியில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரம் ஐயர் கையைத் தூக்கினார். கூட்டாளி ராஜுவின் தவில் அதிர்ந்தது. செல்வத்தின் வாயில் நாதஸ்வரம் இருந்தது, சத்தம் வரவில்லை. பெண்ணின் மாமா சபையிலேயே கேட்டார்: "ஊத வந்தீங்களா, எழவு சொல்ல வந்தீங்களா?" அபசகுனம் என்று பேச்சு தோட்டக் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் போனது. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

"ஊதலேன்னா நான் யாருண்ணே?" என்று ஒருநாள் கேட்டான்.

பிரதேச செயலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பதில் தெரியாவிட்டாலும் எந்தப் படிவம் என்று தெரியும். ஐப்பசியில் மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். ஐந்து மாதமாக வேலையில்லாதவனுக்கு விதிப்படி அதுதான் சரி.

தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "நீங்களே எழுதிட்டீங்களாண்ணே" என்றான். நான் நம்பர் வாங்கித் திரும்பியபோது அவன் இல்லை.

பஸ் தரிப்பிடம், ரயில் நிலையம், எங்கும் இல்லை. அவனுடைய போன் வீட்டில் கிடந்தது. மழையோடு அம்மன் கோயிலுக்கு வந்தேன். நடை சாத்தியிருந்தது. குறையுள்ள விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளியவன் நான். அன்று என் விண்ணப்பத்தில் முழு வசனம் ஒன்றுகூட இல்லை. "தாயே, உயிரோட..." அதற்கு மேல் வரவில்லை. அவள் திருப்பி அனுப்பவில்லை.

படியிறங்குமுன் போன் அடித்தது. வட்டவளையிலிருந்து ராஜு. "அண்ணே, பதறாதீங்க. நம்ம வீட்லதான் இருக்காரு. நல்லா அழுதாரு. இப்ப ரொட்டி திங்கிறாரு, சம்பல் ஒறைக்குதாம்."

படியிலேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.

அடுத்த கிளினிக் நாளில் மூவரும் போனோம். தாதி தொழில் கேட்டபோது நான் வாயைத் திறக்குமுன் ராஜு சொன்னார்: "நாதஸ்வர வித்துவான். அப்படியே எழுதுங்க மிஸ்." செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் எழுந்து போகவில்லை.

எட்டு மாதமாக மருந்து தவறவில்லை. நாதஸ்வரம் இன்னும் உறையில்தான் இருக்கிறது. சில நாட்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மன் பெயரில் பொய் சொல்லமாட்டேன். நான் கேட்டது உயிர். அதை அவள் தந்தாள். இப்போது யாருக்குப் படிவம் நிரப்பினாலும் அவர்களைக் கேட்ட பிறகே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் பேச்சைக் குறைத்திருந்தால் அவளிடம் போய் அழுங்கள். பாதி வசனம் போதும். கிளினிக்குக்கும் போங்கள், அவள் கோபிக்கமாட்டாள்.

இன்று காலை நான் ஊற்றிய தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னண்ணே இது, கழுநீரா?" என்றான். ஒரு வருடமாக நான் எதைக் கொடுத்தாலும் ருசி சொல்லாமல் விழுங்கியவன்.

வெள்ளிக்கிழமை பூசைக்குச் சொல்லிவிட்டேன்.